கொழுந்து எப்படிக் கறுக்கிறது?

சென்ற மாதச் சோதனைத் தாளில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "கறுப்புத் தேயிலைத் தயாரிப்பில் நொதித்தல் எவ்வாறு நடைபெறுகிறது?" வகுப்பில் பாதிப் பேர், "தேயிலையில் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது" என்று எழுதிவிட்டார்கள். மதிப்பெண்ணைக் குறைக்கும்போது மனம் கொஞ்சம் உறுத்தியது. ஏனென்றால் தவறு அவர்களுடையது மட்டுமன்று. தேயிலைத் தொழிற்சாலையிலேயே அந்தக் கட்டத்தை இன்றும் 'நொதித்தல்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே ஈஸ்டும் இல்லை, சாராயமும் இல்லை.

நேரில் பார்த்தால் விளங்கும். தாப்பாவிலிருந்து மலையேறினால் ரிங்லெட்டைத் தாண்டி ஹாபு. அங்கிருந்து பிரிந்து செல்லும் குறுகிய சாலையில் போ தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இம்மலைப் பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் இத்தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவப்பட்ட மில்ன் அவருடன் சேர்ந்துகொண்டார். பொருளாதார மந்தம் உலகையே ஆட்டிய காலம் அது. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். என் பாட்டியும் இம்மலையில் கூடை சுமந்தவர். "ரெண்டு இலை, ஒரு மொட்டு. முத்தின இலை விழுந்தா கணக்குப்பிள்ளை கழிச்சிடுவார்" என்பார். இன்று கைக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் இளங்கொழுந்தில்தான் சத்து மிகுதி என்ற விதி மாறவில்லை.

அந்தச் சத்துதான் கட்டெச்சின் எனப்படும் பாலிபீனால் வகை. பச்சை இலையின் உயிரணுவுக்குள் இது வாக்குவோலில் அடைபட்டிருக்கும். இதனை மாற்றக்கூடிய நொதியாகிய பாலிபீனால் ஆக்சிடேஸ், வாக்குவோலுக்கு வெளியே வேறிடத்தில் இருக்கும். நடுவே மெல்லிய சவ்வு. ஒரே வீட்டில் இரண்டு அறைகள், இடையில் பூட்டிய கதவு. செடியில் இருக்கும்வரை இலை பச்சையாகவே இருப்பது இதனால்தான்.

தொழிற்சாலையின் வேலை அந்தக் கதவை உடைப்பது. முதலில் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 75 முதல் 80 கிலோ வரை நீர்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடியதும் இலை துவண்டு, கையில் பிடித்தால் துணிபோல் மடங்கும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கிப்போகும். அடுத்து உருட்டு இயந்திரம் இலையைப் பிசைந்து முறுக்கும். சவ்வுகள் கிழிந்து, சாறு வெளியே வந்து, கட்டெச்சினும் நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒன்றுசேரும். உண்மையான கதை இங்கேதான் தொடங்குகிறது.

உருட்டிய இலையை மெல்லிய அடுக்காகப் பரப்பி வைப்பார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பச்சை செம்பு நிறமாகும். கட்டெச்சின் ஆக்சிஜனேற்றம் அடைந்து தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற புதிய சேர்மங்களாகிறது. முன்னது தேநீருக்குப் பொன்னிறப் பளபளப்பையும் விறுவிறுப்பையும் தருகிறது. பின்னது செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. நேரம் குறைந்தால் தேநீரில் பச்சை வாடை அடிக்கும். கூடினால் தியாஃபிளேவின் குறைந்து, தேநீர் கறுத்து மங்கிச் சப்பென்று போகும். கருவிகள் எத்தனை வந்தாலும், கைநிறைய இலையை அள்ளி முகர்ந்து பார்த்து, பழ வாசனை வந்துவிட்டதா என்று சொல்லும் அனுபவசாலிக்கு அங்கே மதிப்பு உண்டு.

சரியான நொடியில் நிறுத்த வேண்டுமே, எப்படி? சூடுதான். உலர்த்தும் அடுப்பின் வெப்பக் காற்றில் நொதி இயல்பிழந்து செயலற்றுப் போகும். இலையின் ஈரம் சுமார் 3 விழுக்காட்டுக்கு இறங்கும். நாலரை, ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிவிடும். பிறகு சல்லடைகள் தரம் பிரிக்கும். மாமாக் கடைத் தே தாரேக்குக்கு ஏற்றது, சீக்கிரம் சாயம் இறங்கும் நுண்தூள்.

நீங்கள் காலையில் குடிக்கும் மைலோவில் உள்ள மால்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான். பார்லியை முளைக்கவிட்டு, அதன் நொதிகள் விழித்ததும் சூட்டில் உலர்த்துவார்கள். ஸ்காட்லாந்தில் அதே மால்ட்டின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் சேர்த்து, காய்ச்சி வடித்து விஸ்கி ஆக்குகிறார்கள். அங்கே நடப்பது மெய்யான நொதித்தல்: ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. தேயிலையில் நடப்பதோ இலையின் சொந்த நொதி செய்யும் ஆக்சிஜனேற்றம். பெயர் பழையது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெயர்கள் பெரியவர்களையும் ஏமாற்றியிருக்கின்றன. வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் 1762இல் பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கறுப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று இரண்டு பெயர் வைத்தார். 1840களில் சீனாவுக்குச் சென்ற ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன், இரண்டும் ஒரே செடிதான் என்று நேரில் கண்டு சொன்னார். பச்சைத் தேயிலைக்குக் கொழுந்தை முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கி நொதியை முடக்கிவிடுகிறார்கள். அதுதான் வேறுபாடு.

வீட்டில் சோதித்துப் பார்க்கத் தேயிலைச் செடி வேண்டாம், கத்திரிக்காய் போதும். மூன்று துண்டு நறுக்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுங்கள். அரை மணி நேரம் கழித்து மூன்றின் சதை நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு கறுப்புத் தேயிலை, எது பச்சைத் தேயிலை? வாழைப்பூவை நறுக்கியதும் அம்மா ஏன் மோர்த்தண்ணீரில் போடுகிறார் என்பதையும் அதே தாளில் எழுதி வாருங்கள்.