ஒரு நிலம், ஒரு குடும்பம், ஒரு மரப்பீப்பாய்

மது என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள், இக்கட்டுரையைப் படித்து முடித்த பிறகு சுளிக்குமாறு வேண்டுகிறேன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதை மறுத்துரைக்க நான் வரவில்லை. குடிப்பழக்கமும் எனக்கு இல்லை. வேதியியல் முதுகலை வகுப்பில் பயிலும் மாணவன் நான். துவர்ப்புப் பொருள்களைப் பற்றிய பாடத்தின்போது பேராசிரியர் எடுத்துக்காட்டாகச் சொன்ன இத்தாலிய ஊர் ஒன்று என் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவ்வூரின் பெயர் பரோலோ. நூலகத்தில் தேடிப் படித்தேன். மரபு எது, மாற்றம் எது, எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று அவ்வூரார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமக்குள் பெரும் வழக்கொன்றை நடத்தியிருக்கிறார்கள். அந்த வழக்கை உங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

இத்தாலியத் தேறல் தமிழருக்குப் புதிதன்று. யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்வதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் பேசுகிறார். 1945ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இத்தாலியிலிருந்து தேறல் சுமந்து வந்த சாடிகளும் அவற்றுள் உண்டு. ஆகவே நாம் பேசப்போவது பழைய உறவினரின் வீட்டுச் செய்திதான்.

ஊரும் கொடியும்

இத்தாலியின் வடமேற்கில் பியமான்ட்டே என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் தூரின். அதற்குத் தென்கிழக்கே லாங்கே என்ற குன்றுத் தொடர். அக்குன்றுகளில் பதினோர் ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து செய்யும் செந்தேறலுக்கு மட்டுமே பரோலோ என்ற பெயரைச் சட்டம் அளிக்கிறது. 1966இல் அப்பெயருக்குச் சட்டக் காப்பும், 1980இல் அதனினும் உயர்ந்த காப்பும் கிடைத்தன. அறுவடைக்குப் பின் 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதமாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். இன்னும் நீண்ட முதிர்வு பெறும் சிறப்புவகைக்கு 62 மாதம். 2014இல் அக்குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஏன் இத்தனை காத்திருப்பு? விடை கொடியிலேயே இருக்கிறது. நெபியோலோ பிந்திப் பழுக்கும். மூடுபனி இறங்கும் அக்டோபரில்தான் பெரும்பாலும் அறுவடை. அதன் சாற்றில் புளிப்பு மிகுதி. அதைவிடத் துவர்ப்பு மிகுதி. துவர்ப்பு என்பது என்ன? கொட்டைப்பாக்கைக் கடித்தவுடன் நாக்கு வறண்டு இழுக்கிறதல்லவா? டேனின் என்னும் பொருள் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரள்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. அந்த வறட்சியைத்தான் துவர்ப்பு என்கிறோம். இளம் பரோலோவை வாயில் ஊற்றினால் பாக்கையும் நாவற்பழத்தையும் சேர்த்து மென்றாற்போல் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காலம் செல்லச்செல்ல டேனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. தோலின் நிறப்பொருளான ஆந்தோசயனினோடும் பிணைகின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே சிறிது சிறிதாக உட்புகும் ஆக்சிஜன் சாராயத்தின் ஒரு பகுதியை அசிட்டால்டிகைடாக மாற்றுகிறது. அப்பொருள் இரு மூலக்கூறுகளுக்கிடையே பாலமாக நிற்கிறது. துவர்ப்பின் கூர்மை குறைகிறது. கருஞ்சிவப்பு மெல்ல செங்கல் நிறமாகிறது. இந்த வேலையைச் செய்வது காலமும் காற்றும்.

பீப்பாயின் கணக்கு

பழைய முறையில் சாறும் தோலும் ஒரு மாதத்துக்குமேல் சேர்ந்து ஊறும். பிறகு சாற்றைப் பெரும்பெரும் பீப்பாய்களில் பல ஆண்டு வைப்பார்கள். குரோவேசியாவின் சுலவோனியா காடுகளில் வளர்ந்த ஓக் மரத்தால் ஆன பீப்பாய்கள் அவை. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும். பிரான்சிலிருந்து வந்த சிறு பீப்பாயோ 225 லிட்டர்தான்.

அளவு வேறுபட்டால் என்ன ஆகும்? பள்ளிக் கணக்கே போதும். 6,000 லிட்டர் பீப்பாய் சிறியதைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு பெரிது. ஒரே வடிவுடைய கலங்களில், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் உட்பரப்பு, கொள்ளளவின் கனமூலத்துக்குத் தலைகீழாக மாறும். 27இன் கனமூலம் 3. ஆகவே சிறு பீப்பாயில் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ மூன்று மடங்கு மரத்தைத் தொடுகிறது. மரம் புதியதாயின் வெனிலின் முதலிய மணப்பொருள்களும் மிகுதியாக இறங்கும். நிறம் விரைவில் நிலைபெறும். தேறல் விரைவில் இனிமைப்படும். ஆனால் மரத்தின் மணம் மண்ணின் மணத்தை மூடிவிடக்கூடும். இந்த ஒரு கணக்கில்தான் இருபது ஆண்டுச் சண்டையின் வேர் இருக்கிறது.

கொந்தெர்னோ குடும்பம்

மோன்போர்தே என்ற ஊரில் ஜாக்கமோ கொந்தெர்னோ என்பவர் இருந்தார். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர், நெடுங்காலம் நிற்கும் தேறலைச் செய்து தம் பெயரிலேயே புட்டியில் அடைக்கத் துணிந்தார். அக்காலத்தில் பரோலோவைப் பெரும்பாலும் பீப்பாயோடு விற்றுவிடுவார்கள். அவர் செய்த சிறப்புத் தேறலின் பெயர் மோன்போர்த்தீனோ.

1961இல் தொழிலை மக்கள் ஜியோவன்னி, ஆல்டோ இருவரிடமும் ஒப்படைத்தார். 1969இல் கருத்து வேறுபாட்டால் உடன்பிறந்தார் பிரிந்தனர். ஆல்டோ தனிப் பண்ணை தொடங்கினார். ஜியோவன்னி தந்தையின் வழியிலேயே நின்றார்.

அவர்களுக்குச் சொந்தத் தோட்டம் இல்லை. உழவரிடம் பழம் வாங்கியே செய்தனர். நல்ல பழம் விளைவித்தோர் தாமே தேறல் செய்யத் தொடங்கியதும் நல்ல பழம் கிடைப்பது அரிதாயிற்று. எனவே 1974இல் ஜியோவன்னி, செரலுங்கா ஊரில் பிராஞ்சா என்னும் 14 எக்டர் நிலத்தை வாங்கினார். அப்போது அங்கே விளைந்தது கோதுமை! கொடி நட்டு, காத்திருந்து, 1978இல்தான் அந்நிலத்தின் முதல் தேறலைக் கண்டார். செரலுங்காவின் மண் சுண்ணாம்பு மிக்க, இறுகிய பழைய மண். அங்கு விளையும் தேறல் துவர்ப்பும் நீண்ட ஆயுளும் உடையது.

மோன்போர்த்தீனோ ஏறத்தாழ ஏழாண்டு பெரும்பீப்பாயில் கிடக்கும். பழம் தகுதியுடையதாக இராத ஆண்டில் அதைச் செய்வதே இல்லை. 2002இல் மழையும் ஆலங்கட்டியும் பரோலோவை வாட்டின. பல குடும்பத்தார் தனித்தோட்டத் தேறலே வேண்டாமென விட்டனர். கொந்தெர்னோ வீட்டாரோ அவ்வாண்டும் மோன்போர்த்தீனோவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு மதிப்பெண் போடும் ஊராரின் கண்ணைவிடத் தம் தோட்டத்துப் பழத்தைப் பார்த்த தம் கண்ணை அவர்கள் நம்பினார்கள். 2004இல் ஜியோவன்னி மறைந்தார். அவர் மகன் ராபர்ட்டோ இன்று தொழிலை நடத்துகிறார்.

இரம்பம் எடுத்த மகன்

அண்டை ஊரான லா மோராவில் வேறொரு வீடு. எலியோ அல்தாரே என்னும் இளைஞர் 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குச் சென்றார். தாம் சிறு காரிலேயே படுத்துறங்கும் நிலையில் இருக்க, அங்குள்ள உழவர் செழிப்பாக வாழ்வதைக் கண்டார். ஊர் திரும்பினார். தந்தையின் பீப்பாய்கள் பழையவை, தூய்மையற்றவை. தந்தை மாற்ற மறுத்தார். 1983இல் மகன் இயந்திர இரம்பத்தால் அந்தப் பீப்பாய்களை அறுத்தெறிந்தார். தந்தை அவரைச் சொத்துரிமையினின்று நீக்கினார்.

எலியோவைப் பின்பற்றிய இளைஞர் பலர். சுழலும் தொட்டிகளில் சில நாளிலேயே நிறத்தை இறக்கினர். சிறு பீப்பாயில் முதிர்வித்தனர். உலகச் சந்தை அவர்களை வரவேற்றது. மறுபுறம் பரோலோ ஊரின் பர்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற முதியவர் சிறு பீப்பாயை எதிர்த்துத் தாமே முழக்கம் எழுதிய சீட்டைப் புட்டியில் ஒட்டினார். அவர் 2005இல் மறைந்தார். அவர் மகள் அதே வழியில் தொழில் நடத்துகிறார்.

யார் வென்றார்? அறிவியல் மாணவனாக நான் சொல்வேன்: இருவரும் பாதி வென்றனர், பாதி கற்றனர். பழைமையாளர் அழுக்குப் பீப்பாய்களைக் களைந்தனர். கிருமிகளை அஞ்சக் கற்றனர். புதுமையாளருள் பலர் புதிய மரத்தைக் குறைத்துப் பெரும்பீப்பாய்க்கே திரும்பினர். எலியோவின் கோபம் பொய்யன்று, அழுக்கு மரபாகாது. ஜியோவன்னியின் பொறுமையும் பொய்யன்று. டேனின் அவசரத்துக்குப் பணியாது.

பெயரின் பொறுப்பு

1986இல் பியமான்ட்டேயில் பெருங்கொடுமை ஒன்று நிகழ்ந்தது. மலிவுத் தேறலின் வீரியத்தைக் கூட்ட மெதனாலைக் கலந்தனர் சிலர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், சிலர் கண்ணிழந்தனர். பழத்தின் பெக்டினிலிருந்து நொதிக்கும்போது மெதனால் சிறிதளவு தானே தோன்றும், அது கொல்லாது. ஊற்றிக் கலந்தால் உடலில் அது ஃபார்மால்டிகைடாகி, பின் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே நஞ்சுதான். அச்செய்தி வந்த நாள்களில் விடுதியில் நாம் பட்ட வேதனையை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பெயரில்லாப் பொருளில்தான் நஞ்சு எளிதில் ஒளிகிறது. எந்த ஊர், எந்த நிலம், எந்த ஆண்டு, எவர் கை என்று எழுதிய புட்டியில் ஒருவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். 2010இல் பரோலோவில் 181 இடப்பெயர்களைச் சட்டப்படி எல்லை வரையறுத்துப் பதிவு செய்தார்கள். பிராஞ்சாவும் அவற்றுள் ஒன்று.

எது மரபு?

இங்கே ஒரு வியப்பு. தனித்தோட்டத் தேறல்தான் பழைய மரபு என நாம் எண்ணுவோம். உண்மை வேறு. பல தோட்டங்களின் பழத்தைக் கலந்து சமன் செய்வதே பரோலோவின் பழைய வழக்கம். ஒரு தோட்டத்தின் பெயரைப் புட்டியில் பொறிக்கும் வழக்கம் 1961 அறுவடையில்தான் தொடங்கிற்று. மஸ்கரெல்லோ கடைசிவரை கலந்தே செய்தார். கொந்தெர்னோ வீட்டாரோ பழைய முறையைப் புதிய ஒற்றை நிலத்தில் நட்டனர். இருவரையும் உலகம் மரபினர் என்றே போற்றுகிறது! ஆக, மரபு என்பது அசையாத கல் அன்று. எதை ஏன் காக்கிறோம் என்று அறிந்து காப்பதே மரபு.

என் தந்தையார் இந்நகருக்குக் குடிபெயர்ந்து சிற்றுண்டிச் சாலை வைத்தவர். ஆட்டுக்கல்லை அகற்றிக் கிரைண்டர் வாங்கியபோது பாட்டியார் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்னர் இட்லியைத் தின்று பார்த்துச் சமாதானமானார். காரணம் எளிது. கிரைண்டரிலும் அரைப்பது கல்லே. அது மெல்லச் சுழல்வதால் மாவு சூடேறுவதில்லை. உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள் நன்கு பெருகி மாவைப் பொங்கச் செய்கின்றன. மிக்சியின் விரைந்த கத்தியில் மாவு சூடாகும். இட்லி அவ்வளவு மெத்தென்று வராது. எங்கள் கடையில் கை மாறிற்று; கல் மாறவில்லை.

வெளியூரில் வாழும் தமிழ் மாணவராகிய நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய தொழில் ஒன்றோ பழக்கம் ஒன்றோ இருக்கும். அதில் கல் எது, கை எது? மாற்றினால் கெடுவது எது, மாற்றாவிட்டால் கெடுவது எது? உணர்ச்சியால் மட்டும் இதற்கு விடை காண முடியாது. ஆய்ந்தே காண வேண்டும். ஆய்வதற்கான கல்வியை இங்கு நாம் பெற்றுவருகிறோம். நெசவோ, எண்ணெய்ச் செக்கோ, பாத்திர வார்ப்போ, உங்கள் வீட்டுத் தொழிலை ஒருமுறை அறிவியல் கண்ணால் பாருங்கள். கண்டதை அடுத்த மலரில் எழுதுங்கள். படிக்க நான் காத்திருக்கிறேன்.