மம்சாபுரத்திலிருந்து தொலைதூரப் பயணமா? ரயிலில் போங்கள்

1. மம்சாபுரத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 550 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரானால், போய்வர 70 லிட்டருக்கு மேல் பெட்ரோல். டோல்கேட் செலவு தனி. நாலு பேருக்கு ஸ்லீப்பர் டிக்கெட் போட்டால் அதில் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். பணத்தைவிடப் பெரிய காரணம் தூக்கம். வேலை முடிந்து வந்த மனிதர் குளித்துச் சாப்பிட்டு, அன்றைக்கு ராத்திரியே ஸ்டியரிங் பிடிக்கிறார். பின்சீட்டில் எல்லோரும் தூங்க, விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்துக்குள் அவருக்குக் கண் சொக்கும். டீ குடித்தால் சற்று நேரம் தாங்கும், அவ்வளவுதான். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் சென்னை எழும்பூரில் எழுந்திருக்கலாம்.

2. முன்பதிவுக்கு இப்போது 60 நாள்தான். 120 நாள் இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் குறைந்துவிட்டது. தீபாவளி, பொங்கலுக்கு வருகிறவர்கள் காலண்டரில் முன்பதிவு தொடங்கும் நாளைக் குறித்துவைத்து, காலை 8 மணிக்கே தயாராக இருங்கள். தவறினால் பயணத்துக்கு முந்தின நாள் தட்கல்: ஏ.சி.க்கு 10 மணி, மற்றதற்கு 11.

3. நமக்கு இரண்டு ஸ்டேஷன் பக்கம். சென்னை போகும் வண்டி முதலில் ராஜபாளையம் வரும், அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்திலிருந்து டிக்கெட் எடுத்தால், குறித்த நேரத்துக்குள் ஏறும் இடத்தை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏற முடியாது. திரும்பும்போது ராஜபாளையம் வரைக்கும் டிக்கெட் போடுங்கள். அசந்து தூங்கி ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டாலும் பயமில்லை.

4. தாத்தா பாட்டிக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமா? அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் எடுங்கள். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 போதும். குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட் போட்டால் இந்தச் சலுகை கிடைக்காது.

5. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் சொந்தக்காரர்கள் பட்டாசு கேட்பார்கள். ஒரு பெட்டிகூட ரயிலில் எடுத்துப் போகாதீர்கள். குழந்தையின் கம்பி மத்தாப்பும் இதில் சேர்த்தி. சிறைத் தண்டனை வரை போகும். காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய்க்கும் இதே தடை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

6. பால்கோவா வாங்கினால் சூடு ஆறிய பிறகே மூடிக் கட்டச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய் விட்டுப் பொடி தடவிய இட்லி. வெயில் காலத்தில் தயிர்சாதம் வேண்டாம்.

7. குருவாயூர், கொல்லம் போகிறவர்கள் மதுரை–குருவாயூர் வண்டியைப் பாருங்கள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் காரில் வாந்தி எடுக்கும் குழந்தைகள், இதில் ஜன்னலோரம் உட்கார்ந்து குகையையும் பதிமூன்று கண் பாலத்தையும் பார்த்துக்கொண்டே வருவார்கள். 1904இல் போட்ட மலைப்பாதை, 2018இல் அகலப்பாதையானது. கட்டாயம் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய வழி.

8. பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகிறவர்கள் அங்கே கார் ஓட்ட ஆசைப்படாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச்சீட்டும் கேட்பார்கள். பல நாடுகளுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கென்றே இருக்கிறது. பிரான்சின் டி.ஜி.வி. போன்ற அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணம் தனி.