கற்றாழையில் எந்தப் பாகம் நமக்கு?

மலாயில் ‘லிடா புவாயா’, அதாவது முதலை நாக்கு. சித்த மருத்துவத்தில் ‘குமரி’. நம் வீடுகளில் சோற்றுக்கற்றாழை. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் சீக்கிரம் வாடாமல் இருக்குமே, அதே செடிதான். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை வாங்கும். தண்ணீரைச் சேமிக்க இப்படியொரு வடிவமைப்பா என்று பொறியியல் படிக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்!

ஒரு மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முதலில் மஞ்சளாக ஒரு சாறு வழியும். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. இது பச்சைத் தோலுக்கு அடியில் இருப்பது. இதிலுள்ள அலோயின் என்ற பொருள் குடலைத் தூண்டி வயிற்றைக் கலக்கிவிடும். உள்ளே கண்ணாடி மாதிரி இருப்பதுதான் சோறு. அதில் ஏறக்குறைய 99 விழுக்காடு தண்ணீர். மீதியில் வழவழப்பைத் தரும் மாவுச்சத்து வகைகள் இருக்கின்றன. தோலுக்கு ஈரம் கொடுப்பது இந்தப் பாகம்தான்.

நம் முன்னோர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. மஞ்சள் சாற்றைத் தனியே காயவைத்து ‘கரியபோளம்’ என்று பெயரிட்டு, பேதி மருந்தாக அளந்து கொடுத்தார்கள். நாமோ முழு மடலையும் தோலோடு பிளெண்டரில் போட்டு அடிக்கிறோம்! என் விடுதி நண்பன் ஒருவன் உடம்பு இளைக்கணும்னு இப்படிக் குடித்துவிட்டு, மறுநாள் வகுப்புக்கே வரவில்லை. வயிற்றோடு போனால் பரவாயில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, முழு மடல் சாற்றைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. எலிகளிடம் நடந்த சோதனைதான் என்றாலும், தெரிந்தே ஏன் குடிக்கணும்?

பிரிப்பது சுலபம். அடியிலுள்ள முற்றிய மடலை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு குவளையில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். மஞ்சள் வடிந்துவிடும். கழுவி, முள்ளையும் தோலையும் சீவி, சோற்றை இன்னொரு முறை கழுவினால் போதும்.

முகத்தில் பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். சிலருக்கு அரிப்பு வரும். வெயிலில் எரிந்த தோல், சவரம் செய்த கன்னம், வறண்ட கை எல்லாவற்றுக்கும் இதமாக இருக்கும். சமையலறையில் லேசாகச் சுட்டுக்கொண்டால் முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டணும். கற்றாழை அதற்குப் பிறகுதான். பற்பசை வேண்டவே வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள். இன்னொன்று, கற்றாழை யாரையும் வெள்ளையாக்காது. நம் நிறத்துக்கு என்ன குறைச்சல்?

குடிப்பதில்தான் எனக்குத் தயக்கம். வீட்டில் அப்பாவோ பாட்டியோ நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால், கற்றாழைச் சாறும் சேர்ந்து சர்க்கரை அளவு அதிகமாக இறங்கிவிட வாய்ப்புண்டு. மருத்துவரிடம் கேட்காமல் ஊற்றிக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் அம்மாக்களுக்கும் வேண்டாம். கடையில் போத்தலில் வாங்கும்போது, ‘உட்சோறு மட்டும்’ என்ற பொருளில் ‘இன்னர் ஜெல்’ என்று இருக்கிறதா, ‘ஹோல் லீஃப்’ என்று இருக்கிறதா என்பதையும், சர்க்கரை எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள்.