தலைச்சனைச் சுமப்பவளுக்கு ஒரு பட்டியல்

எனக்கு இது எட்டாம் மாதம், முதல் பிள்ளை. பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, அந்தி நேரத்தில் வெளியே போகக்கூடாது, கிரகணத்தில் காய் நறுக்கக்கூடாது என்ற பட்டியலை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரே தன் ஸ்டாப் வருவதற்குள் முழுதாகச் சொல்லிவிடுவார். அதில் முக்கால்வாசி பயத்தில் பிறந்தது. உண்மையிலேயே ஆபத்தானவற்றை அதில் தேடினால் கிடைக்காது. முகம் வீங்கி, தலை விண்விண்ணென்று வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று எந்தப் பாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே இது நான் போட்ட பட்டியல். டாக்டர் சொன்னது, நர்சம்மா திட்டியது, அம்மாவும் அத்தையும் அனுபவத்தில் சொன்னது எல்லாம் இதில் கலந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

சீக்கிரம் பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. சுகாதார நிலையத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் 12 வாரத்துக்குள். பதிந்தால் ‘பிக்மி’ எண் தருவார்கள். தனியாரிடம் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அது வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இதுதான் வழி. அந்தத் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இருக்கிறது. பெண் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய புதுக்கோட்டைக்காரர். அவர் பெயரில் வரும் பணத்தை, பதியத் தாமதித்து இழப்பது நியாயமில்லை.

ஃபோலிக் அமிலத்தை முன்னதாகவே தொடங்குங்கள். தினமும் 400 மைக்ரோகிராம். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது. நம்மில் பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மாத்திரையையும் நினைக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தப்போக்கு எல்லாருக்கும் உண்டு. ரத்தம் குறைவாக இருப்பவளால் அதைத் தாங்க முடிவதில்லை. மாத்திரை போட்டால் குமட்டும், மலம் கறுத்துப் போகும், சிக்கிக்கொள்ளும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் பரவாயில்லை. டீ, காபி குடித்த கையோடு போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது.

“அந்த மாத்திரையைப் போட்டா புள்ள கறுப்பா பொறக்கும்னு சொல்றாங்களேம்மா” என்றார் அத்தை. “நீங்களும் மாமாவும் என்ன நிறம் அத்தை? உங்க பேரப்புள்ள வேற எப்படிப் பொறக்கும்?” என்றேன். அதற்குப் பிறகு இரவில் மாத்திரையை எடுத்துத் தருவதே அவர்தான்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஒரு டம்ளரில் தருவார்கள். முதல் வாய் பானகம் மாதிரிதான் இருக்கும். பாதி டம்ளரில் நாக்கு மரத்துப்போய், தொண்டை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கும். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வந்து மறுபடி முதலிலிருந்து. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பது இந்த முறையில் உள்ள பெரிய வசதி. காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடாமல் சோதிக்க வழி சொன்னவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நாடு முழுவதும் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்கு மேல் மறுபடி பார்ப்பார்கள். போன தடவைதான் பார்த்தோமே என்று நழுவ வேண்டாம்.

அசைவைக் கவனியுங்கள். தலைச்சனுக்கு 18, 20 வாரம் ஆகும் அசைவு தெரிய. தொடக்கத்தில் அது வாயுவா பிள்ளையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏழாம் மாதத்திலிருந்து அதற்கென்று ஒரு நேரம் வந்துவிடும். என் பிள்ளை, நான் படுத்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. அந்த வழக்கம் மாறி அசைவு குறைந்தால், குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று தூங்கக்கூடாது. அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், நடுராத்திரியானாலும்.

இவற்றில் ஒன்று வந்தாலும் கிளம்பிவிடுங்கள்: ரத்தக்கசிவு, நீர்க்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், மேல் வயிற்று வலி, காய்ச்சல், வலிப்பு. 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். கால் வீக்கம் சாயங்காலத்தில் எல்லாருக்கும் வரும்; காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பது வேறு கதை. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அதை ‘டென்ஷன்’ என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

வேலைக்குப் போகிறவர்கள் விடுப்புக் கணக்கை முன்பே பேசிவிடுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு, மகப்பேறு விடுப்புக்கான சட்டம் பொருந்தும் இடங்களில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சலுகை கேட்பது போலக் கேட்க வேண்டாம், எழுதிக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

இரண்டு பேருக்குச் சாப்பிடாதீர்கள். மசக்கை தீர்ந்த மாதத்தில் எல்லாரும் சேர்ந்து ஊட்டுவார்கள். சரியான எடையில் தொடங்கியவளுக்கு மொத்தம் 10, 12 கிலோ ஏறினால் போதும். கூட ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கீரை போதுமானது. கூட ஒரு தட்டுச் சோறு வேண்டாம்.

மண், சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி சாப்பிடுவதை மறைக்காதீர்கள். இதை எழுதுவதற்குக் காரணம், நான் பேசிப் பார்த்த கர்ப்பிணிகளில் நிறையப் பேர் ஏதோ ஒன்றை ரகசியமாகக் கொறிக்கிறார்கள். ஒருத்தி திருநீறு. ஒருத்தி செங்கல் சுவரில் தண்ணீர் தெளித்து, அந்த மண்வாசனையிலேயே நின்றுகொண்டிருப்பாள். வீட்டில் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். இந்த ஆசையோடு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி சேர்ந்தே வருகிறது. டாக்டரிடம் சொன்னால் ரத்தம் பார்ப்பார், வேண்டியதைத் தருவார். சொல்லாமல் விட்டால் மண்ணோடு குடற்புழுவும் சேர்ந்து உள்ளே போகும்.

தலைவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். பழக்கமான வலி மாத்திரைகளில் சில கர்ப்பத்துக்கு ஆகாது. நாட்டுமருந்து என்றால் மட்டும் கேட்காமல் சாப்பிடலாம் என்பதும் இல்லை.

பழத்தைக் கண்டு பயப்படாதீர்கள். பப்பாளிக் காயின் பாலில்தான் சிக்கல். நன்றாகப் பழுத்ததை ஓரிரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் இதற்காக மாமியாரோடு சண்டை போடத் தேவையில்லை. கொய்யா இருக்கிறது.

குங்குமப்பூவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பாலுக்கு வாசனை வரும், பிள்ளைக்கு நிறம் வராது.

கிரகணத்தன்று பட்டினி கிடக்காதீர்கள். இருட்டறையில் படுத்துக்கொள்ளச் சொன்னால் படுத்துக்கொள்ளுங்கள், ஓய்வுதானே. இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். ஆனால் தண்ணீரும் சாப்பாடும் நிறுத்தக்கூடாது.

ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், கேட்பவர்களின் பேச்சையும் வளர விடாதீர்கள். ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண், முகம் வாடினால் இது, மினுங்கினால் அது என்று ஜோசியம் சொல்பவர்களுக்குச் சட்டம் கிடையாது. எனக்கு ஒரே கல்யாண மண்டபத்தில், ஒரே பந்தியில் இரண்டும் சொன்னார்கள்.

வளைகாப்பில் விறைப்பாக உட்கார்ந்திருக்காதீர்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம், மடியில் தேங்காய். வேப்பிலைக் காப்புக்குப் பிறகு கண்ணாடி வளையல்கள் ஏறிக்கொண்டே போகும்; முழங்கைக்குக் கீழே வியர்த்து, மணிக்கட்டில் விளிம்பு உரசும். மணையில் கால் மடக்கி உட்கார்ந்தால் சுமங்கலிகள் வரிசை முடிவதற்குள் கால் மரத்துவிடும். நாற்காலி கேளுங்கள். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போங்கள், போட்டோக்காரர் காத்திருப்பார். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் எல்லாருக்கும் பரிமாறியான பிறகு கடைசியாக உங்கள் முறை வரும்வரை காயாதீர்கள். விழா உங்களுக்காகத்தான்.

குறித்த தேதியை ரயில் நேரம் மாதிரி எண்ணாதீர்கள். 37 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. ‘இன்னும் ஆகலையா?’ என்று தினமும் போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அழுகையை மசக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். காரணமில்லாமல் கண் கலங்குவது உண்டு, அது வரும், போகும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளை என்றாலே பயம் என்றால் அதையும் ரத்த அழுத்தம் போலவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ‘சந்தோஷமா இரு, புள்ளைக்கு நல்லது’ என்று சொல்கிறவர்களுக்கு நல்ல மனதுதான். ஆனால் அந்தச் சொல்லே சிலரை வாயைத் திறக்கவிடாமல் செய்துவிடுகிறது.

சேனை வைக்க விடாதீர்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் வழக்கம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் விஷத்தால் பச்சிளங்குழந்தைக்குத் தசை தளர்ந்து மூச்சே திணறலாம். பிரசவ வலியில் இருக்கும்போது இதைப் பேச முடியாது, இப்போதே வீட்டில் பேசி முடிக்க வேண்டும். நான் பேசினேன். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்றார் அத்தை. அவர் மகனுக்கு வைத்தவர் மாமாவின் அப்பாவாம். அந்தத் தாத்தாவின் கோபத்தை ஊரே இன்னும் சொல்லும். “அப்போ இவருக்கு வர்ற கோபம் அவர்கிட்டேருந்துதானா அத்தை?” என்று கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேனை கிடையாது, பிள்ளையை நர்சம்மா கையிலிருந்து முதலில் வாங்குவது அத்தை என்று பேச்சு முடிந்திருக்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.