கடல்மீன் தொட்டியும் நம் கடை உப்பும்



சென்ற கோடையில், ரமணாசிரமம் பகுதியில் புதுவீடு கட்டிக் குடிவந்த வாடிக்கையாளர் ஒருவர், "மீன் தொட்டிக்குக் கடல்நீர் தயாரிக்கணும்" என்று சொல்லி 4 கிலோ கல் உப்பு வாங்கிப் போனார். எடை போட்டுக் கொடுத்தவன் நான்தான். மூன்றாம் நாள் மீன்கள் செத்துவிட்டன. அவர் சண்டைக்கு வரவில்லை; கடைக்கும் வரவில்லை. அதன்பின் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. கணக்கில் பிழையில்லை, சரக்கில்தான் பிழை. கடலில் கரைந்துள்ள உப்புகளில் நாம் விற்கும் சோடியம் குளோரைடு நூற்றுக்குச் சுமார் 85 பங்குதான். மரக்காணம், தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் காயும்போது கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். மக்னீசியம் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அதுவே நல்லது. கடல்மீனுக்கு இவையெல்லாம் வேண்டும். அதற்கென்று கலந்த உப்பு தனியே விற்கிறது.

இன்னொரு பிழை அலங்காரத்தில். கார்த்திகை தீபத்துக்கு நாம் கடை வாசலில் சரக்கு அடுக்குவதுபோல அவர் வண்ணக் கூழாங்கல், பொம்மை, பிளாஸ்டிக் செடி என்று நிரப்பி, முதல் நாளே எட்டு மீன் விட்டிருந்தார். இப்போதைய பாணி வேறு. சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டி, வெண்மணல், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரே பாறை, இரண்டு மீன். மோட்டாரும் வடிகட்டியும் கீழே அலமாரிக்குள் மறைந்திருக்கும். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) நன்னீர்த் தொட்டிகளில் வெற்றிடம் விட்டு அழகு காட்டியவர். இதிலும் அதே கண்தான்.

வெற்றிடம் பார்வைக்கு மட்டுமல்ல. மீனின் கழிவு அம்மோனியா என்னும் விஷமாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை தொட்டியில் குடியேறவே ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை மீன் விடக் கூடாது. பிறகும் கூட்டம் கூடாது. தவிர, நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. தண்ணீர் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டுமென்பதால் கோடையில் குளிர்விக்கும் செலவும் உண்டு.

வியாபாரிகள் ஒன்றில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ராமேசுவரம் பக்கம் போய்வந்தவர்கள் பவளப்பாறைத் துண்டை அலங்காரத்துக்கு விற்கத் தருவார்கள். தொடவே தொடாதீர்கள். பவளப்பாறை, கடல்விசிறி, கடல்குதிரை மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. செயற்கைப் பாறையே போதும். மீனிலும் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கிடைக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதற்கான முறையை உருவாக்கியிருக்கிறது.

இப்போதெல்லாம் கல் உப்பு கேட்டால், "சமையலுக்கா, தொட்டிக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். தொட்டிக்கென்றால் சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து வரவழைத்து, வாங்கிய விலைக்கே தருகிறேன். முதல் பொட்டலத்தைப் பழைய வாடிக்கையாளரின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். சென்ற மாதம் மளிகைச் சீட்டோடு வந்தார்.