கார்த்திகைப் பெண்கள் கொடுத்த பால்



சரவணப் பொய்கையிலே ஆறு குழந்தைகளாகத் தோன்றிய முருகனுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்கள் பெயராலேயே அவனைக் கார்த்திகேயன் என்கிறோம். தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்ததைத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. ஆகவே, பெறாதவள் பாலூட்டுவது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆயினும், "உங்கள் பிள்ளைக்கு வேறொரு தாயின் பாலைக் கொடுக்கலாமா?" என்று வைத்தியசாலையிலே கேட்டால் எங்கள் வீடுகளில் தயக்கம் எழுகிறது. அதை இம்முறை ஆராய்வோம்.

ரொறன்ரோவில் உள்ள வசதி

முன்பு கனடாவில் 23 பால் வங்கிகள் இருந்தன. எயிட்ஸ் கிருமி பற்றிய அச்சத்தால் 1980களில் அவை மூடப்பட்டு, வன்கூவரில் ஒன்றே எஞ்சியது. 2013ஆம் ஆண்டு ரொறன்ரோ மவுண்ட் சினாய் வைத்தியசாலையிலே றோஜர்ஸ் ஹிக்சன் ஒன்ராறியோ மனிதப்பால் வங்கி தொடங்கியது. சிக் கிட்ஸ், சன்னிபுறூக் வைத்தியசாலைகளும் இதில் பங்காளிகள்.

பழைய அச்சத்துக்கு இங்கே விடை உண்டு. கொடையாளித் தாயின் உடல்நலமும் அவர் உட்கொள்ளும் மருந்துகளும் விசாரிக்கப்படும், குருதி சோதிக்கப்படும். பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமிச் சோதனை செய்த பின்பே அனுப்புவார்கள்.

இந்தப் பால் முக்கியமாகக் குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த சிசுக்களுக்கு உரியது. அவர்களின் குடல் அழுகி உயிருக்கே ஆபத்தாகும் நோய் ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் 363 சிசுக்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் பால் போதாதபோது மாப்பாலுக்குப் பதிலாகக் கொடைப்பால் பெற்றவர்களிடையே அந்நோய் குறைவாக இருந்தது. அறிவு வளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை.

கொடையின் நெறிகள்

1. சொந்தப் பிள்ளைக்கே முதலிடம். அதன் பசி தீர்ந்து எஞ்சுவதே தானம்.

2. பால் விற்பனைப் பொருள் அன்று. இங்கே கொடையாளிக்குப் பணம் கொடுப்பதில்லை. பணம் வந்தால், ஏழைத் தாய் தன் பிள்ளையின் பங்கையும் விற்க நேரிடும். இந்தியாவிலும் மனிதப்பால் வணிகம் கூடாதென 2024இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது.

3. சோதிக்காத பாலை வாங்காதீர்கள். கண்ணனுக்குப் பால் கொடுக்க வந்த பூதனையும் அன்னை வடிவிலேதான் வந்தாள். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். கிருமியோ மருந்தோ கண்ணுக்குத் தெரியாது. கனடா சுகாதாரத் திணைக்களமும் இதையே எச்சரிக்கிறது.

4. பெற்றோரின் சம்மதம் அவசியம். ஒரே தாயிடம் பால் குடித்தோர் உடன்பிறப்புகள் என்பது இசுலாமிய நெறி. அவ்வாறு எண்ணும் அயலவரையும் மதிக்க வேண்டும்.

"மச்சம் சாப்பிடுகிறவளின் பாலோ?"

சைவ வீடுகளில் பாட்டிமார் கேட்கும் கேள்வி இது. ஏளனம் செய்யாமல் விடை சொல்வோம். கொல்லாமையே சைவ உணவின் வேர். தாய் மனமுவந்து கொடுக்கும் பாலில் எந்த உயிரும் வதைபடவில்லை. குருதி ஏற்றும்போது எவர் குருதி, என்ன உண்டார், என்ன சாதி என்று கேட்கிறோமா? மாப்பாலும் பெரும்பாலும் பசுவின் பாலிலிருந்தே வருகிறது. அது கன்றுக்கு உரியது.

மற்றொன்று. பால் சுரக்காத மருமகளைக் குறை கூறாதீர்கள். முன்கூட்டியே பிரசவித்த தாய்க்குப் பால் தாமதமாகச் சுரப்பது இயல்பு. அவளுக்குத் தேவை ஆறுதலும், பால் சுரக்கும் வரை பிள்ளையைக் காக்கும் ஒரு வழியும். கொடைப்பால் அவள் இடத்தைப் பறிப்பதில்லை. அவள் வரும்வரை அந்த இடத்தைக் காத்து நிற்கிறது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. குருதி கொடுக்கத் தயங்காத நாம், பால் விடயத்தில் ஏன் தயங்குகிறோம்?

2. உங்கள் வீட்டில் குறைமாதப் பிள்ளை பிறந்தால், முடிவு யாருடையது? பெற்றோரதா, பெரியவர்களதா?

3. பால் மிகுதியாக உள்ள தாய்க்கு, அதைக் கொடையாக வழங்கக் குடும்பத்தார் எவ்வாறு உதவலாம்?

முருகனை வணங்கும்போது, அவனுக்குப் பாலூட்டிய அந்த அறுவரையும் ஒருகணம் நினைப்போம்.