வரவேற்புத் தட்டிலிருந்து வரவு செலவு வரை: தன்னார்வ அமைப்பில் தலைமை ஏற்க இளம்பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரில் நூலகமோ மாலை நேரப் படிப்பு மையமோ நடத்தும் சிறிய அமைப்புகளைப் பாருங்கள். ஓடியாடி வேலை செய்வது பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். முடிவெடுப்பது வேறு ஆட்கள். அந்த இடத்துக்குப் போக மேடைப் பேச்சு தேவையில்லை. கணக்கும் தீர்மான நோட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

1. சேருமுன் கேட்க வேண்டியவை

பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கை. தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள் பலவும் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. 7 பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். தன்னார்வலராக உழைப்பதாலேயே ஒருவர் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. சந்தா கட்டி, உறுப்பினர் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் பொதுக்குழுவில் ஓட்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2. வீட்டில் சொல்வது

"ஏதோ சோஷியல் சர்வீஸ்" என்றால் அம்மாவுக்குச் சந்தேகம்தான் வரும். இடம், நாள், திரும்பும் நேரம், பொறுப்பாளரின் போன் நம்பர் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

3. வேலையைக் கேட்டு வாங்குங்கள்

கேட்காவிட்டால் கோலமும், சந்தனம் கற்கண்டுத் தட்டும்தான் கிடைக்கும். கேஷ் புக்கைக் கேளுங்கள். விழாவுக்கு நாற்காலி ஏற்றி வந்த வண்டிக்கு ரசீது கிடைக்காது. வவுச்சர் போட வேண்டும். தேதி, எதற்காக, தொகை எண்ணிலும் எழுத்திலும், பணம் வாங்கியவர் கையெழுத்து. அன்றைக்கே கேஷ் புக்கில் ஏற்றி, கையிலுள்ள ரொக்கத்தை எண்ணி இருப்போடு ஒத்துப் பாருங்கள். பத்து ரூபாய் உதைத்தாலும் அப்போதே தேடுங்கள். ஒரு வருஷம் இதைச் செய்தால், எந்தத் திட்டம் உண்மையில் நடக்கிறது, எது பேனரோடு நிற்கிறது என்பது தலைவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது தீர்மான நோட்டு. "அப்புறம் பேசிக்கலாம்மா" என்று தள்ளிப்போட்ட யோசனையும், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு நோட்டில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

4. குழு சேர்ப்பது

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். கேலி பேச ஆளிருந்தும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். ஊர் விட்டு ஊர் போக முடியாதவரால் தொண்டராகத் தொடர முடியாது என்பதை அந்த இயக்கம் புரிந்துகொண்டிருந்தது. உங்கள் கூட்டமும் கடைசி பஸ்ஸுக்கு முன் முடியட்டும். செமஸ்டர் தேர்வு மாதத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் இருக்கட்டும். பஸ் காசை அமைப்பே தர வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

5. பாதுகாப்பு

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாத தன்னார்வலருக்கும் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181. "சும்மா வர்ற பொண்ணுதானே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

6. செயற்குழுவுக்கு நிற்பது

செயற்குழுவின் பதவிக் காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது சங்கச் சட்டம். ஆகவே தேர்தல் வந்தே தீரும். அப்போது உங்களுக்கு "மகளிர் அணிப் பொறுப்பாளர்" பதவியை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது பழைய வரவேற்புத் தட்டேதான். பொருளாளர் பதவிக்கு நில்லுங்கள். காசோலையில் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. சந்தா பாக்கி இருந்தால், பொதுக்குழு நோட்டீஸ் வருமுன் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.